மேஜையை நகர்த்துங்கள், கேபிளை நீட்டாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், வீட்டிலோ கடையிலோ ஏற்கெனவே இருக்கும் பழைய பிரிண்டரையோ ஸ்கேனரையோ அதனுடன் இணைத்துப் பயன்படுத்த விரும்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஓடுகிற சாதனத்தை ஏன் தூக்கிப் போட வேண்டும்? ஆனால் அதற்கான கேபிள் வாங்கக் கடைக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "இதைவிட நீளமா இருக்கா?" என்பதுதான். கேபிள் நீளமாக இருந்தால் எந்தச் சாதனத்தையும் இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனைக்கும் நான் இன்ஜினியரிங் படித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். நான் வாங்கிக் கொடுத்த ஒரு நீளக் கேபிளால் என் அப்பா ஒரு வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிய வேண்டியதாயிற்று. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பத்து ரூபாய் வித்தியாசம்

விருதுநகரில் அப்பா பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறார். கடையில் 1999-ல் வாங்கிய ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இந்தக் காலத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சரக்குக்கான டாக்ஸ் இன்வாய்ஸை மூன்று பிரதி எடுக்க வேண்டும். வாங்குபவருக்கு ஒன்று, சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. ஊசியால் அடித்து எழுதும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கார்பன் வைத்த தாளில் மூன்றையும் ஒரே அடியில் எடுத்துவிடும். லேசர் பிரிண்டரில் இது முடியாது.

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் பேரலல் போர்ட் இல்லை. அதற்கென்று ஒரு கார்டு வாங்கிப் பொருத்தினேன். அப்பா ஒரு விருப்பம் சொன்னார். "பிரிண்டர் சத்தத்துல போன் பேச முடியலைடா. அதைக் குடோன் வாசல் பக்கம் தள்ளி வச்சிரு. லோடு ஏத்துறவன் பில்லை அங்கேயே கிழிச்சிக்கிட்டுப் போவான்." கல்லாவில் இருந்து குடோன் வாசல் நாலரை மீட்டர். நான் ஐந்து மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினேன். டெஸ்ட் பேஜ் அழகாக வந்தது. ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாவிடம் இருந்து போன். பல வருடப் பழக்கம் உள்ள ஓர் ஓட்டல்காரர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்திருக்கிறார். துவரம் பருப்பு 1640, உளுந்து 1120, வத்தல் 680. மொத்தம் 3440 வர வேண்டும். பில்லில் 3450 என்று இருந்திருக்கிறது. "அண்ணாச்சி, கூட்டல்ல பத்து ரூவா கூட இருக்கே. எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். "எப்பவுமே" என்ற சொல்லுக்கு என்ன பதில் சொல்வது? "முப்பது வருஷமா கடை நடத்துறேன். ஒரு ரூவா கூட்டிப் போட்டதில்ல. இப்ப மெஷின் எனக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிக் கொடுக்குது" என்றார் அப்பா. எனக்குப் பேச்சு வரவில்லை.

சாஃப்ட்வேரா, ஹெட்டா, கேபிளா?

முதலில் நான் சந்தேகப்பட்டது பில்லிங் புரோகிராமை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. திரையில் எப்போதும் 3440 என்றே இருந்தது. கூட்டலில் பிழை இல்லை. அடுத்து வந்த சர்வீஸ்காரர், "பிரிண்டர் ஹெட் போச்சு சார், இதுக்கு ஸ்பேர் கிடைக்காது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்.

ஹெட் போனால் எழுத்தில் கோடு விழும், புள்ளி விடும். அழகான 4 அழகான 5 ஆக மாறாது. இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் இரண்டு வசதிகள் உண்டு. லைன் ஃபீட் பட்டனை அழுத்தியபடி பவர் ஆன் செய்தால், பிரிண்டர் தானாகவே எல்லா எழுத்துகளையும் அச்சடித்துக் காட்டும். இதற்குக் கேபிளே தேவையில்லை. இது செல்ஃப் டெஸ்ட். இதில் எழுத்துகள் ஒழுங்காக வந்தால் ஹெட்டைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் பிரிண்டரில் ஒழுங்காகவே வந்தன.

இன்னொன்று ஹெக்ஸ் டம்ப். பல மாடல்களில் லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தியபடி ஆன் செய்தால் இந்த நிலைக்குப் போகும். பிறகு கம்ப்யூட்டரில் இருந்து என்ன வந்தாலும், வந்ததை அப்படியே ஹெக்ஸ் எண்களாக அச்சடிக்கும். 3440 என்பது 33 34 34 30 என்று வர வேண்டும். நூறு தடவை அனுப்பிப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாக வந்தது. நடுநடுவே 33 34 35 30 என்று வந்தது. பிரிண்டருக்கு வந்து சேர்ந்ததே தப்பு. கம்ப்யூட்டர் அனுப்பியது சரி, பிரிண்டர் அடித்ததும் சரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நான் வாங்கிய கேபிள் மட்டுமே.

தப்பிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. 4 எப்போதும் 5 ஆனது. 2 எப்போதும் 3 ஆனது. 0 எப்போதும் 1 ஆனது. ஒற்றைப்படை எண்கள் மாறவே இல்லை. அதாவது எட்டு பிட்டில் கடைசி பிட் மட்டும் பூஜ்யத்தில் இருந்து ஒன்றாகிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது?

பேரலல் பிரிண்டர் இணைப்பு 1970-ல் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி தன் பிரிண்டருக்காகக் கொண்டு வந்தது. 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது கம்ப்யூட்டர் பக்கம் 25 பின், பிரிண்டர் பக்கம் 36 பின் என்ற அமைப்பு நிலைத்தது. எட்டு பிட்டும் எட்டு ஒயர்களில் ஒரே நேரத்தில் போகும். "எட்டும் வந்துவிட்டது, எடுத்துக்கொள்" என்று பிரிண்டருக்குச் சொல்ல ஸ்ட்ரோப் என்ற தனி ஒயர் இருக்கிறது. ஸ்ட்ரோப் பின் 1-ல் இருக்கிறது. நமது கடைசி பிட் அதற்கு அடுத்த பின் 2-ல் இருக்கிறது.

இந்த ஸ்ட்ரோப் துடிப்பு சுமார் அரை மைக்ரோ செகண்ட் இருந்தால் போதும். அவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் சிக்னல், பக்கத்தில் ஒட்டி ஓடும் ஒயரில் ஒரு சிறு துடிப்பைக் கிளப்பிவிடும். இதற்குக் கிராஸ்டாக் என்று பெயர். பக்கத்து வீட்டு ரேடியோ நம் வீட்டில் கேட்பது போல. இரண்டு ஒயர்களும் எவ்வளவு தூரம் ஒட்டி ஓடுகின்றனவோ அவ்வளவு அதிகமாகக் கேட்கும். இரண்டு மீட்டரில் காதில் விழாதது ஐந்து மீட்டரில் விழுகிறது.

இன்னொரு பலவீனமும் உண்டு. இந்தப் போர்ட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம், 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் ஒன்று. அனுப்பும் பக்கம் ஒன்றுக்கு 2.4 வோல்ட் கொடுத்தாலே போதும் என்பது கணக்கு. ஆக, இரைச்சலைத் தாங்க மிச்சம் இருப்பது 0.4 வோல்ட்தான். அந்தக் கேபிளை நான் ஃப்ரிட்ஜின் பவர் ஒயரை ஒட்டி வேறு ஓட்டியிருந்தேன்!

இந்தப் பிரச்னைக்கு 1994-லேயே தீர்வு வந்துவிட்டது. ஐ.இ.இ.இ. 1284 என்ற தர விதி அந்த ஆண்டு வெளியானது. அதன்படி செய்த கேபிளில் ஒவ்வொரு சிக்னல் ஒயரும் தனக்கென்று ஒரு கிரவுண்ட் ஒயருடன் முறுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் சுற்றிப் பின்னல் ஷீல்டு இருக்கும். இப்படிப்பட்ட கேபிள் 10 மீட்டர் வரை போகலாம். நான் வாங்கியதில் முறுக்கும் இல்லை, ஷீல்டும் இல்லை. வெறும் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து மேலே உறை போட்டிருந்தார்கள். அந்த ரகக் கேபிளை இரண்டு மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது என்பதே என் அனுபவம்.

சீரியல் வேறு ரகம்

அதே கடையில் ஒரு எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. எடையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப அதில் ஆர்.எஸ். 232 சீரியல் போர்ட் உண்டு. அந்தத் தராசு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் கேபிளில் உட்கார்ந்திருந்தது. பிரிண்டர் தூரத்தில், தராசு கிட்டத்தில். நான் செய்தது தலைகீழ் வேலை!

1960-ல் வந்த ஆர்.எஸ். 232 தூரத்தைத் தாங்கப் பிறந்தது. அனுப்பும் பக்கம் குறைந்தது பிளஸ் 5, மைனஸ் 5 வோல்ட் கொடுக்கும். வாங்கும் பக்கத்துக்கு 3 வோல்ட் வந்து சேர்ந்தாலே போதும். மிச்சம் 2 வோல்ட். பேரலலில் இருந்ததைப் போல ஐந்து மடங்கு. வேகமும் நிதானம். எங்கள் தராசு 9600 பாட் வேகத்தில் பேசுகிறது. அதில் ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட் நிற்கும். அரை மைக்ரோ செகண்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீரியலுக்கு 15 மீட்டர் என்று ஒரு கணக்கு பழைய புத்தகங்களில் இருக்கும். உண்மையில் அளவு மீட்டரில் இல்லை, கெபாசிடன்ஸில் இருக்கிறது. மொத்தம் 2500 பிகோ ஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்பதே பிற்கால விதி. ஒரு மீட்டருக்கு 165 பிகோ ஃபாரட் உள்ள சாதாரணக் கேபிள் என்றால் 15 மீட்டர். மீட்டருக்கு 100 மட்டுமே உள்ள நல்ல கேபிள் என்றால் 25 மீட்டர். ஒயரின் ரகம் மாறினால் நீளத்தின் எல்லையும் மாறுகிறது. எனவே எவ்வளவு நீளம் என்ற கேள்வியை, என்ன ஒயர் என்ற கேள்வி இல்லாமல் கேட்கவே கூடாது.

நெட்வொர்க் கேபிளைச் சீரியலுக்குப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுப்பும் ஒயரையும் வாங்கும் ஒயரையும் ஒரே முறுக்கு ஜோடியில் போடாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றையும் கிரவுண்டுடன் ஜோடி சேருங்கள்.

மற்ற சாதனங்களுக்கு

பழைய ஐ.டி.இ. ஹார்டு டிஸ்க் ரிப்பன் கேபிளுக்கு எல்லை 46 சென்டிமீட்டர். கேபினட் பெரிதாக இருக்கிறதே என்று இதைவிட நீளமானதைத் தேடாதீர்கள். யு.டி.எம்.ஏ. 66 முதல் மேலே உள்ள வேகங்களுக்கு 80 ஒயர் ரிப்பன் வேண்டும். கனெக்டரில் பின்கள் அதே 40தான். கூடுதலான 40 ஒயர்களும் வெறும் கிரவுண்ட். சிக்னல் ஒயர்களுக்கு நடுவே சுவர் எழுப்புவதே அவற்றின் வேலை.

பழைய ஸ்கேனரில் ஸ்கஸி இணைப்பு இருந்தால், சாதாரண ரகத்துக்கு மொத்த நீளம் 6 மீட்டர், ஃபாஸ்ட் ரகத்துக்கு 3 மீட்டர். இது ஒரு கேபிளின் நீளம் அல்ல. வரிசையில் உள்ள எல்லாக் கேபிள்களையும் கூட்டி வரும் நீளம். இரு முனைகளிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும்.

1987-ல் வந்த வி.ஜி.ஏ. மானிட்டர் இணைப்பு அனலாக். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 75 ஓம் கோஆக்ஸ் ஒயர் உள்ளே இருக்க வேண்டும். மெலிந்த கேபிளில் நீளம் கூடினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். மானிட்டர் பழுது என்று நினைத்துவிடுவோம்.

யு.எஸ்.பி. 2.0-க்கு எல்லை 5 மீட்டர். ஆனால் தனி அடாப்டர் இல்லாமல் யு.எஸ்.பி.யிலேயே மின்சாரம் எடுக்கும் பழைய ஸ்கேனர் என்றால் ஒயரின் தடிமனைப் பாருங்கள். கேபிள் உறை மேல் 28 ஏ.டபிள்யூ.ஜி., 24 ஏ.டபிள்யூ.ஜி. என்று அச்சிட்டிருப்பார்கள். எண் குறைந்தால் ஒயர் தடிமன் என்று பொருள். மூன்று மீட்டர் கேபிளில் அரை ஆம்பியர் ஓடும்போது, பவர் ஒயர் 28 ஆக இருந்தால் சுமார் 0.64 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 24 ஆக இருந்தால் 0.25 வோல்ட்தான் தொலையும். 5 வோல்ட் சாதனத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது.

"எங்கள் ஆபீசில் ஓடுகிறதே!"

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், "எங்கள் ஆபீசில் எட்டு மீட்டர் கேபிளில் பிரிண்டர் ஓடியதே" என்றார். ஓடியிருக்கலாம். 1284 கேபிளாக இருந்திருக்கும். இல்லை என்றால், ஆயிரம் எழுத்துக்கு ஒன்று தப்பாக விழுந்து யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கடிதத்தில் ஓர் எழுத்து மாறினால் எழுத்துப் பிழை. பில்லில் ஓர் எண் மாறினால் நாணயமே கேள்விக்குறி. கேபிள் பிரச்னையின் ஆபத்தே இதுதான். அது முழுதாக நின்று போகாது. டெஸ்ட் பேஜில் பாஸ் ஆகிவிட்டு, மூன்று வாரம் கழித்துக் காலை வாரும்.

"விலை கூடிய, தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கினால் சரியாகிவிடாதா?" என்பார்கள். தங்க முலாம் பின்னைத் துரு பிடிக்காமல் காக்கும். கிராஸ்டாக்கைத் தடுக்காது. தங்கத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், கிரவுண்ட் ஒயருக்குக் கொடுங்கள்.

யு.எஸ்.பி.யில் இருந்து பேரலலுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் கேபிளும் நல்ல வழிதான். அதில் 36 பின் கனெக்டர் நேராகப் பிரிண்டரிலேயே மாட்டும், தூரத்தை யு.எஸ்.பி. பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்பாவின் பில்லிங் புரோகிராம் எல்.பி.டி. 1 போர்ட்டுக்கே நேரடியாக எழுதும் பழைய ரகம். அதற்கு இது சரிப்படவில்லை.

என் கருத்து

என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரர்களுக்கு ஒயர் என்றால் இளக்காரம். டிரைவரைப் பார்ப்போம், செட்டிங்கைப் பார்ப்போம், கேபிளைக் கடைசியில்தான் பார்ப்போம். சர்வீஸ்காரர்களோ பழைய சாதனம் என்றதும் சாதனத்தின் மேலேயே பழி போடுகிறார்கள். இப்படிக் கேபிள் செய்த குற்றத்துக்கு எத்தனை நல்ல பிரிண்டர்கள் காயலான் கடைக்குப் போயிருக்குமோ! கேபிளும் சாதனத்தின் ஓர் உறுப்பு. பிரிண்டர் செய்தவர்கள் எந்த நீளத்தை மனதில் வைத்துச் செய்தார்களோ, அந்த நீளத்தில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். நம் அறையின் வசதிக்காக அதை நீட்டக்கூடாது. அறையைத்தான் மாற்ற வேண்டும்.

எனவே கேபிள் வாங்கும் முன்:

1. சாதனத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, ஒயர் ஓடும் வழியாகவே டேப் வைத்து அளந்து பாருங்கள். அதற்கு மேல் அரை மீட்டர் போதும். மிச்சத்தைச் சுருட்டி வைக்க வேண்டிய அளவுக்கு வாங்காதீர்கள்.

2. அளவு எல்லையைத் தாண்டினால் முதலில் மேஜையை நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.

3. பேரலல் கேபிள் என்றால் உறை மேல் ஐ.இ.இ.இ. 1284 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இரு முனைகளின் உலோக ஓடுகளையும் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வராவிட்டால் ஷீல்டு இல்லை, அல்லது இணைக்கவில்லை. வேண்டாம்.

4. இரண்டு கேபிளை இணைத்து நீட்டாதீர்கள். நடுவில் டேட்டா ஸ்விட்ச் பாக்ஸ் வைத்தாலும் இரு பக்க நீளத்தையும் கூட்டியே கணக்கிடுங்கள்.

5. பவர் ஒயரை ஒட்டிக் கேபிளை ஓட்டாதீர்கள். குறுக்கே கடந்தால் பரவாயில்லை.

6. பேரலல், சீரியல், ஸ்கஸி கேபிள்களை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் பவர் ஆஃப் ஆகியிருக்கட்டும்.

எங்கள் கடையில் இப்போது இடம் மாறிவிட்டது. தராசு 12 மீட்டர் சீரியல் கேபிளில் குடோன் வாசலுக்குப் போய்விட்டது. பிரிண்டர் 1.8 மீட்டர் 1284 கேபிளுடன் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஹெக்ஸ் டம்பில் ஆயிரம் வரி அனுப்பினேன். ஒரு 35 கூட இடம் மாறி விழவில்லை.

அந்த ஓட்டல்காரரைக் கூப்பிட்டு, பழைய கேபிளையும் ஹெக்ஸ் டம்ப் தாளையும் காட்டினேன். அவருக்கு அது எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. "சரி தம்பி, மெஷின் கோளாறுதானே" என்று சிரித்துவிட்டுப் போனார். இப்போதும் சரக்கு எங்களிடமே எடுக்கிறார். ஆனால் பில்லை வாங்கியதும் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறார். அப்பாவும் பிரிண்டர் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் போன் பேசிக்கொண்டு, கொடுக்கும் முன் தானும் ஒரு முறை கூட்டிப் பார்க்கிறார்.